பழைய ஸ்பீக்கர்களும் பழுதில்லாத காதுகளும்

பழைய ஸ்பீக்கருக்கு வைத்தியம் பார்க்கிறவன் எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்டதில்லை. முதல் அரை நிமிடத்தை நாற்பது தடவை கேட்பதுதான் எங்கள் தொழில். உச்சிப்புளியில் என் வீட்டு முன்னறைதான் பட்டறை. அங்கே நாற்காலியில் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருக்கும், வந்தவர் நின்றுகொண்டிருப்பார். மிக்ஸியோ மோட்டாரோ, நீங்களும் எதையாவது கழற்றி மாட்டுகிற ஆளென்றால் இதில் ஒன்றாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

மூச்சு

பெரியபட்டினம் காதர் பாய் வளைகுடாவில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த ஜோடி அது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கிற பெரிய ஸ்பீக்கரை, அதாவது ஊஃபரை, சுற்றியிருந்த ஃபோம் வளையத்தைக் கடற்காற்று தின்று தீர்த்திருந்தது. தொட்டால் பழைய கேக் மாதிரி உதிர்ந்தது. மேலே இருக்கிற குட்டி ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், எப்போது செத்தது என்று அவருக்கே தெரியாது. கிழிந்த இடத்தில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டி, அத்தனை வருடமும் சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார்.

ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் பழைய பசையைச் சுரண்டி, புது வளையம் ஒட்டி, ட்வீட்டரை மாற்றி, பாயைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணைத் திறந்து சொன்னார்:

“மாஷா அல்லாஹ், வேலை சுத்தம் தம்பி. ஆனா முன்னாடி பாட்டு மட்டுந்தான் கேட்டுச்சு, இப்ப பாடுறவரு மூச்சு விடுறதும் சேந்து கேக்குது. அதை மட்டும் கொஞ்சம் அடைச்சு விட ஏலுமா?”

கடகட

ஒரு பெட்டியில் தாழ்ந்த சுதி வந்தாலே கடகடவென்று ஒரு நடுக்கம். ஊஃபரைக் கழற்றினேன், மாட்டினேன். மூலையெல்லாம் பசை வைத்தேன். பின்பலகையை இறுக்கினேன். காலையில் ஆரம்பித்தது மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை ஓடியது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன என் மனைவி செல்வி உள்ளே வந்தாள். ஒரு நிமிடம் நின்று கேட்டாள். நேரே போய் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள், கடகட. நான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அவளைப் பார்த்தேன்.

“பக்கத்து நேவி தளத்து ஹெலிகாப்டர் போனாலும் இந்தக் கண்ணாடி இப்படித்தான் ஆடுது. ஆறு மாசமா சொல்றேன். நல்லவேளை, நேவிக்காரனைக் கூப்பிட்டு அவன் வண்டியைக் கழட்டிப் பாக்காம விட்டீங்களே!”

ஒற்றைத் தோடு

முனியசாமி சாயல்குடிப் பக்கம் மிளகாய் போடுகிறவர். “ஒரு பெட்டி கரகரன்னு இருமுது தம்பி” என்று மனைவியோடு வந்து இறக்கினார். பெட்டிக்கு முன்னால் காற்று வந்துபோக ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். அது வழியாக ஓர் எலி உள்ளே போய்க் குடித்தனம் நடத்தியிருந்தது. அவர்கள் கண் முன்னாலேயே உள்ளே அடைத்திருந்த பஞ்சை அள்ளி வெளியே போட்டேன். மிளகாய் விதை, சேலைக் கிழிசல், பஸ் டிக்கெட், கடைசியாக ஒரு கல் தோடு.

அந்த அம்மா தோட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு வருடத்துக்கு முன்னால், பரமக்குடியில் இருக்கிற முனியசாமியின் தங்கை வந்து தங்கிவிட்டுப் போன மறுநாள்தான் இந்தத் தோடு காணாமல் போயிருக்கிறது. இந்த அம்மா அவருக்குப் போனைப் போட்டு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது. தங்கை மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர்கூட வேறு ஆள் கையில்தான் போனதாம். முனியசாமி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “இதைத் திரும்ப உள்ள போட்டு மூடிர ஏலாதா?” என்று காதுக்குள் கெஞ்சினார். அதற்குள் அந்த அம்மா தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். “பரமக்குடி பஸ் இங்கன எங்க நிக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

தனியாகத்தான் போயிருக்கிறார். நாத்தனார் வெகுநேரம் வாசலிலேயே நிற்க வைத்தாராம். பிறகு “உள்ள வாங்க மதினி” என்றாராம். போனவர் மூன்று நாள் இருந்துவிட்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார். மறுவாரம் பெட்டியை எடுக்க வந்த முனியசாமிக்குப் பேச்சில் சந்தோஷம், முகத்தில் களைப்பு.

“பேசாம இருந்தப்ப ஆளுக்கொரு பக்கமா என்னையத் திட்டுனாக. இப்ப ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு, நாலு வருசமாப் பாட்டுக் கேட்டீரே, ஒரு நாளாச்சும் அந்தப் பெட்டியக் குலுக்கிப் பாத்தீரான்னு கேக்குறாக தம்பி!”

இடதும் வலதும்

ராமேஸ்வரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். இன்டர்நெட்டில் படித்துவிட்டு, இரண்டு பெட்டியிலும் பழைய கெப்பாசிட்டரைத் தூக்கி உசத்தியானது போடச் சொல்லியிருந்தார். வலது பெட்டியை மட்டும் முடித்திருந்த அன்று, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் பாட்டைப் போட்டு, காதைச் சாய்த்து, இடது பெட்டியைக் காட்டினார். “இதுல பண்ணிட்டீங்க, தெரியுது. குரல் அப்படியே உருகுது. வலது இன்னும் செத்துக்கெடக்கு.”

“சார், வலதுலதான் மாத்தினேன். இடதை நான் தொடவே இல்லை.”

பள்ளிக்கூடத்தில் விடையைத் தப்பாக எழுதிப்போட்டுவிட்டுப் பையன்கள் கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்த பழக்கம் இருக்கும்போல, சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

“அதைத்தான் நானும் சொல்றேன், நல்லா இருக்கிறதைத் தொடக் கூடாதுன்னு. வலதையும் பழையபடி ஆக்கிருங்க.”

இத்தனை பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது இதுதான்: எந்த ஸ்பீக்கரையும் சரிசெய்துவிடலாம், அதற்கு எதிரே உட்கார்ந்து கேட்கிறவரை ஆண்டவன் எந்தப் பக்கம் ஸ்க்ரூ வைத்து மூடியிருக்கிறான் என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை.