உட்கார்ந்து பார்க்கும் வேலை

நாற்காலி மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

மேலே நின்று சாய்மானத்தைப் பிடித்திருந்த மைத்துனன், "மாமா, நீங்க கை வைக்காதீங்க. அப்படியே ஓரமா நில்லுங்க," என்று கத்தினான். கீழே சக்கரங்களைத் தாங்கியிருந்தவன் நாற்காலிக் கடை ஆள். அவனுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார் மாமா, தெருவில் எல்லோருக்கும் பட்டாளம். கொஞ்சம் சாய்த்தால் வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அது வராமலே போனாலும் அவருக்குச் சம்மதம்தான்.

"அக்கா, கதவ நல்லாத் தொற!"

ஒருவழியாக நாற்காலி உள்ளே வந்து ஜன்னலோரம் நின்றது. கறுப்பு நிறம், உயரமான சாய்மானம், கழுத்துக்குத் தனியாக ஒரு மெத்தை. மைத்துனன் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டான்.

"திங்கக்கிழமை ஆபீசுக்கு ஏத்திட்டுப் போயிடலாம் மாமா. அங்க இருக்கறதெல்லாம் நொண்டி நாற்காலி. நாளைக்கு முழுக்க இதுல உக்காந்து பழகிக்குங்க."

"உக்கார எதுக்குடா பழகணும்?"

"உங்களுக்குப் பழகணும். நீங்க எங்க உக்காந்திருக்கீங்க? கல்யாண வீட்டுக்குப் போனாலும் சுடுதண்ணியக் கால்ல ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கறீங்க."

அவன் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் மாடியில் வேலை பார்த்தான். இடமாற்றங்கள் அவன் மேசையைத் தாண்டித்தான் போகும். பட்டாளம் அதே வாரியத்தில் மீட்டர் பார்ப்பவர். தெருத் தெருவாகப் போய், கொக்கியால் இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே ஓடும் எண்களைப் பார்த்து வருகிற வேலை. திங்கட்கிழமையிலிருந்து அவர் புகார்ப் பிரிவு ஜன்னலில் உட்கார வேண்டும். வெயில் இல்லை, மழை இல்லை, நாய் இல்லை. அந்த இடத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்று மைத்துனன் டீ குடித்து முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

"மேலதிகாரி கால்ல விழாத குறைதான் மாமா. முதுகு வலிக்காரர், எத்தன நாளைக்கு நடப்பாருன்னு கேட்டேன். மனுஷன் எரங்கிட்டாரு."

அவன் போன பிறகு மனைவி டம்ளர்களை எடுத்தாள்.

"இவனுக்கு யார் சொன்னது?" என்றார் பட்டாளம்.

"நான்தான்."

அவர் அவளைப் பார்க்கத் திரும்பினார். தலை மட்டும் அவருக்குத் திரும்பாது. உடம்போடுதான் திரும்ப வேண்டும். யாராவது கூப்பிட்டால் அணிவகுப்பில் நிற்பவர்போல முழுதாகத் திரும்புவார். தெருக்காரர்கள் பட்டாளம் என்று பெயர் வைத்தது அதனால்தான். பழைய ராணுவக்காரர் என்று நம்பி மரியாதையாகப் பேசுகிறவர்களும் உண்டு. அவர் மறுத்ததில்லை.

"தெனமும் காலையில உங்களப் பாக்கறவ நான்தானே," என்றாள்.

அது உண்மை. காலையில் அவர் எழுந்திருப்பதை அவள் மட்டுமே பார்த்திருக்கிறாள். இரவில் படுத்தவருடைய முதுகு விடிவதற்குள் பலகையாகிவிடும். அவர் ஒரு பக்கமாக உருண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்து உட்காருவார். அவள் சுடுநீரில் பிழிந்த துண்டை இடுப்பில் போடுவாள். பிறகு சுவரில் குதிகாலும் முதுகும் தலையும் படும்படி நிற்க முயல்வார். இப்போதெல்லாம் தலை படுவதில்லை. இடையில் ஒரு கை போகும் அளவுக்கு வெளிச்சம் தெரியும். சட்டையை அவள்தான் மாட்டிவிடுவாள். அந்த நிலையிலேயே அவர் படியிறங்கிப் போவதை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, அவள் சலவைக் கடைக்குக் கிளம்புவாள். அங்கே நாள் முழுக்க நின்றபடி துணி வாங்கி வைப்பது அவள் வேலை. நாற்காலி போட முதலாளி விடமாட்டார். நிற்கும்போதெல்லாம் அந்த முதுகு வெயிலில் போய்க்கொண்டிருப்பதை நினைத்துக்கொள்வாள்.

அந்த முதுகுக்கு வெயிலில் என்ன ஆகிறது என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டாவது தெரு முடிவதற்குள் அது இளகத் தொடங்கும். மூடிகளைத் தூக்கத் தூக்க இடுப்பு ஒத்துக்கொள்ளும். குனிய மாட்டார், குந்துவார். அதற்கும் எட்டாத மீட்டர்களுக்கு நீளக் கம்பியில் ஒரு கண்ணாடி கட்டி வைத்திருந்தார். நண்பகலில் அவரைப் பார்க்கிறவர்களுக்குக் கழுத்து திரும்பாத ஒரு திடமான ஆள் தெரிவார். காலைப் பட்டாளத்தைப் பார்த்தவள் பகல் பட்டாளத்தைப் பார்த்ததில்லை. பகலில் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கட்டில் பக்கம் வந்ததில்லை.

மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். "உடம்புக்குக் காவல் இருக்கற எதிர்ப்புச் சக்திதான் இப்ப ஆள் தெரியாம வீட்டுக்காரனையே அடிக்குது. அடிபடறது உங்க முதுகெலும்பு மூட்டு."

"நிறுத்த முடியாதுங்களா?"

"அடக்கி வெக்கலாம். மாத்திரை, ஊசியெல்லாம் ஒரு பாதி. அத விடவே கூடாது. இன்னொரு பாதி நீங்க. சிகரெட்ட விடுங்க. தலகாணிய ஒசரமா வெக்காதீங்க. தெனமும் ஒடம்ப நீட்டுங்க, நடங்க. மத்தவங்களுக்கு ஓய்வுன்னா உக்கார்றது. நீங்க உக்காந்தாத்தான் இந்த நோய் வேல செய்யும்."

அவர் தனியாகத்தான் போயிருந்தார். மாத்திரையையும் ஊசியையும் தலையணையையும் வீட்டில் சொன்னார். சிகரெட்டைச் சொல்லத் தேவைப்படவில்லை, விட்ட முதல் மாதம் அவர் எரிந்து விழுந்ததிலேயே தெரிந்துவிட்டது. நடப்பதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? துண்டைப் பிழிந்துகொண்டு நிற்கிறவளிடம், படியிறங்கிப் போன பிறகுதான் எனக்குச் சுகம் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார். காலில் சக்கரம் கட்டிய மனிதர் என்று அவள் மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"நாளைக்கு ஒரு நாள் உக்காந்துதான் பாருங்களேன்," என்றாள். "எனக்காக."

மறுநாள் காலைச் சடங்குகள் முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாகத் தெரு முழுதும் தெரிந்தது. அவள் காய் நறுக்கும் தட்டைக் கொண்டுவந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

பேச ஆரம்பித்தாள். சலவைக் கடையில் ஒரு வாடிக்கையாளர் கோட்டுப் பையில் பல்செட்டை விட்டுவிட்டுப் போனதைச் சொன்னாள். "முதலாளி அத ஒரு சீட்டுல சுத்தி, நம்பர் போட்டு மாட்டச் சொல்றாரு. பல்ல எந்தக் கொக்கியில மாட்டறது?" அவர் சிரித்தார். சிரிக்கும்போது விலா இறுகுவது தெரிந்தது. எழுந்து இரண்டு நடை நடந்தால் போதும். அதற்குள் அவள் தன் சின்ன வயதில் ஆற்றில் மூழ்கப்போனதைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை.

"இத ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க எப்ப உக்காந்தீங்க, சொல்றதுக்கு?"

அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. அவள் தரையிலேயே சாய்ந்து கொஞ்சம் தூங்கினாள். அவர் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முதுகைக் கொடுத்தால் என்ன என்றும் ஒரு நிமிடம் தோன்றியது.

மாலையில் விளக்கைப் போட்டுவிட்டு, "டீ போடவா?" என்றாள்.

"போடு. நானும் வர்றேன்." கைப்பிடியை ஊன்றினார். சக்கரம் பின்னால் நகர்ந்தது. மறுபடி ஊன்றினார். முதுகும் இடுப்பும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்தவள் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நாற்காலியப் பிடிச்சுக்கோ."

அவள் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு பக்கமாகச் சரிந்து, முழங்கையை ஊன்றி, காலையில் கட்டிலில் எழுவதுபோலவே எழுந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூனி நின்றார். அவள் பழக்கத்தில் துண்டை எடுக்கப் போனவள் பாதி வழியில் திரும்பினாள்.

"இது காலையில வர்றதாச்சே."

"உக்காந்தா எப்ப வேணா வரும்."

பிறகு கம்பியைப் பிடித்தபடியே மருத்துவர் சொன்ன மறுபாதியையும் சொன்னார். முடிந்ததும், "அப்ப வீட்ட விட்டுப் போனாத்தான் உங்களுக்கு நல்லாருக்கு," என்றாள்.

இந்த வார்த்தைக்குப் பயந்துதான் இத்தனை வருடம் அவர் சொல்லாமல் இருந்தார்.

"வீட்ட விட்டுன்னு இல்ல. நடந்தா."

"தெரிஞ்சிருந்தும் இன்னைக்கு எதுக்கு எந்திரிக்காம இருந்தீங்க?"

"நீ பேசிட்டிருந்த."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்பை அணைத்தாள். அவர் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டாள். பிறகு தன்னுடையதை மாட்டிக்கொண்டாள்.

"எறங்குங்க. மீதிய நடந்துக்கிட்டே பேசறேன்."

படியில் அவள் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார். முதல் தெருவில் அவருக்காக அவள் நின்று நின்று போனாள். இரண்டாவது தெருவில் சேர்ந்து நடந்தார்கள். கடைகளைத் தாண்டிய பிறகு அவள் தோளிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டார். அவள் அதைக் கவனித்தாள். அவர் முதுகு நிமிர்வதை, பார்க்கக்கூடாததைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மெதுவாப் போங்க. பட்டாளத்துக்கா ஆள் எடுக்கறாங்க?"

அவர் முழுதாகத் திரும்பி நின்று காத்திருந்தார்.

"தம்பி குதிப்பான்," என்றாள்.

"குதிக்கட்டும்."

"அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆபீசுல மட்டும் முதுகு வலின்னு சொல்லாதீங்க. நோயோட பேரச் சொல்லுங்க."

"சொன்னா வேலைக்கே லாயக்கில்லம்பாங்க."

"சொல்லாமத்தான் நாற்காலி வந்துச்சு."

திங்கட்கிழமை பட்டாளம் மேலதிகாரியிடம் நோயின் பெயரைச் சொன்னார். அவர் அதை இரண்டு தடவை கேட்டுவிட்டு, மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். அதுவரை பழைய தெருக்களையே பார்க்கலாம், அப்புறம் என்ன என்று இப்போது சொல்ல முடியாது என்றார். புகார் ஜன்னலில் வேறொருவரை உட்காரவைத்தார்கள். மைத்துனன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "என் மானத்த வாங்கிட்டீங்க மாமா," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். கொஞ்சம் மழை பெய்தது. இரண்டு மூடிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன, ஒன்றுதான் திறந்தது. அவர் வீடு திரும்பியபோது மனைவி கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் டீ போட்டார். குடித்துவிட்டு இருவரும் கீழே இறங்கினார்கள்.