மாமனார் ஏறிய ஜீப்

என் மாமனார் அந்த ஜீப்பில் ஏறிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விழுப்புரம் சாலையில் இருந்த ஒரு ஷோரூமில் இரண்டு வண்டிகள் அருகருகே நின்றிருந்தன. ஒன்று, நான் பல வாரங்களாக விசாரித்து மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்த எஸ்யூவி. ஏழு பேர் உட்காரலாம், எந்த மேடுபள்ளத்துக்கும் அசையாது, என் அம்மா ஏறுவதற்கு வசதியாகப் பக்கத்தில் படி இருந்தது. மற்றது கூரையை மடித்துவிடக்கூடிய ஜீப். மலைக்கும் மணலுக்கும் செய்தது. அன்று அதன் கான்வாஸ் கூரையைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய என் மாமனார் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விற்பனைப் பெண் கை கொடுக்க வந்தபோது வேண்டாமெனத் தலையை ஆட்டிவிட்டு, ஒரு காலை உள்ளே வைத்து, ஒரே எம்பலில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் அமர்ந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, சுற்றி யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் சிரித்தாள். கல்யாணமாகி எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அத்தனை வருடங்களில் அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அவர் குடியிருந்த உப்பளம் பகுதியில் எல்லோரும் அவரை ‘சொல்தா ஐயா’, அதாவது சிப்பாய் ஐயா, என்பார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, வாழ்நாளின் நல்ல பாகத்தை வெளிதேசத்துப் பாலைவனங்களில் வண்டி ஓட்டிக் கழித்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அதிகம் பேச மாட்டார். சொன்ன நேரத்துக்கு வருவார், தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை காலையில் நீள ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உழவர்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் என் மனைவி “பப்பா வந்துட்டாரு” என்று ஓடுவாள். பிள்ளைகள் டிவியை அணைத்துவிடுவார்கள். முட்டி வலி என்று நாற்காலியை விட்டு எழாத என் அம்மாகூட எழுந்து காபி போடப் போவார். “அவரு வந்தா வூடே நிமிந்து நிக்குதுடா” என்று என்னிடமே சொல்வார்.

எனக்கு அது பொறுக்காது. என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்து, நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தார். அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தும் யாரும் எழுந்து நின்றதில்லை. ஆனால் என் பொறாமைக்கு அது மட்டும் காரணமில்லை. மாமனார் தன் மகளோடு இருந்த காலமே கொஞ்சம். அவள் வளர்ந்ததெல்லாம் தன் அம்மாவின் கையில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து, சாக்லேட்டும் செண்ட் பாட்டிலும் கொடுத்து, நண்பர் ஒருவரின் கூரையில்லாத பழைய ஜீப்பை இரவல் வாங்கி, வீராம்பட்டினம் கடற்கரை வரைக்கும் மகளைக் கூட்டிப்போய் வருவார். பிறகு விமானம் ஏறிவிடுவார். அந்த ஜீப் சவாரிகளை அவள் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்! அரியாங்குப்பம் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது, ரிப்பன் பறந்து போனது, பப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் எடுத்து வந்தது. நானோ தினமும் அவளோடு இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டுத் தொண்டை கட்டி வருகிறவளுக்கு வெந்நீர் வைக்கிறேன், கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்கிறேன், அவள் ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்கிறேன். இதையெல்லாம் யாரும் யாரிடமும் கதையாகச் சொல்வதில்லை.

ஷோரூமில் அன்று மாமனார் ஜீப்பை ஓட்டவில்லை. விற்பனைப் பெண் சாவியை நீட்டியதும் இறங்கி, “நீ ஓட்டும்மா. அலே, அலே, கெளம்பு!” என்று மகளை உட்கார வைத்தார். நான் பின்னிருக்கையில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் அப்பாவும் மகளும். அவள் கூந்தல் அவிழ்ந்து என் முகத்தில் அடித்தது. திரும்பி வந்து இறங்கும்போது அவள் என்னிடம் கேட்டாள்.

“ஏங்க, இதையே வாங்கிட்டா என்னா?”

வீட்டில் மூன்று வாரம் இதே பேச்சாக இருந்தது. நான் பொறுமையாக விளக்கினேன். ஜீப்புக்குப் பின்கதவு கிடையாது, முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும், அம்மாவால் முடியாது. மழை அடித்தால் சாரல், வெயிலில் அனல், ஊருக்குப் போனால் பெட்டி வைக்க இடமில்லை. நம் வீட்டுக்கு ஏற்றது எஸ்யூவிதான். நான் சொன்னது அத்தனையும் நியாயம். அவளும் நியாயம் என்றே ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகும் முகத்தில் அந்த ஜீப் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் ஒருநாள், “உங்க இஷ்டம்” என்று எழுந்து போய்விட்டாள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு வார்த்தையைக் கேட்ட பிறகு ஒரு வண்டியை வாங்க முடியாது.

அப்போது மாமனார், எஸ்யூவியையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்றார். எல்லோரும் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கருவடிக்குப்பம் தாண்டி நான் ஓட்டினேன். அவர் முன்னால் வந்து உட்காரவில்லை. என் அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, தானும் பின்னால் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். இறங்கியதும் கதவை ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்.

“இது நல்ல வண்டிம்மா. இதையே எடுத்துக்குங்க.”

“சரி பப்பா” என்றாள் அவள். அவ்வளவுதான். மூன்று வாரம் நான் தொண்டை வறளப் பேசியும் நகராதது அவருடைய ஒரே வாக்கியத்தில் நகர்ந்துவிட்டது. வீடு வரும்வரை அவள் எஸ்யூவிக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவில் என்னைவிடச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டியவன் வேறு யாருமில்லை. எனக்கோ உள்ளே காந்தியது. இனி அந்த வண்டி என் வண்டி இல்லை, பப்பா சொன்ன வண்டி. ஒவ்வொரு முறை அம்மா படியில் கால் வைத்து ஏறும்போதும் அது பப்பாவின் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கும். மறுநாள் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஷோரூமுக்குப் போனேன். ஜீப்பை புக் செய்தேன்.

அவளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் சொல்லாமல் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டெலிவரி எடுத்த அன்று மாலை அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு, கூரையை மடித்து, அரியாங்குப்பம் பாலத்தின் மேலேயே ஓட்டிப்போனேன். காற்று அடித்தது. அவள் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். நான் ஓரக்கண்ணால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பாலம் முடிந்ததும், “பப்பாவையும் கூட்டியாந்திருக்கலாம்” என்றாள். கொஞ்ச தூரம் போய், என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

“இத எனக்காக வாங்குனீங்களா? இல்ல, பப்பாவுக்குப் போட்டியா வாங்குனீங்களா?”

நான் கியரை மாற்றுவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன். என் அம்மா அந்த வண்டியை வாசலில் நின்று ஒரு தடவை பார்த்தார். “இதுல நான் எங்கடா ஏறுறது, ஏணி போட்டா?” என்றார். அதன்பின் அவர் வெளியே போவதென்றால் ஆட்டோதான். பழி முழுக்க எனக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். ஜீப்பைப் பார்த்ததும் ரொட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, நிதானமாக அதைச் சுற்றி வந்தார். சொன்னதைக் கேட்கவில்லையே என்ற வருத்தம் முகத்தில் தெரியும் என்று காத்திருந்தேன். தெரியவில்லை. சாவியை நீட்டினேன். “ஓட்டுங்க மாமா” என்றேன். அதிலும் கொஞ்சம் விஷம் இருந்தது. பாருங்கள், உங்கள் பொம்மை இப்போது என் கையில் இருக்கிறது என்பது போல.

அவர் சாவியை வாங்கவில்லை. “என்னால ஓட்ட முடியாது மாப்ள. கண்ணு போச்சு” என்றார். நேரே இருப்பது தெரிகிறதாம், பக்கவாட்டில் வருவது எதுவும் தெரியவில்லையாம். கண் நரம்பு கெட்டுவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறேழு மாதமாகிறது. மகளுக்குச் சொல்லவில்லை. ஷோரூமில் சாவியை மகளிடம் கொடுத்ததும், எஸ்யூவியில் பின்னால் போய் உட்கார்ந்ததும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. “நான் இனிமே பின்னாடி உக்கார்ற ஆளு. அதுக்கு அந்தப் பெரிய வண்டி தோதா இருக்கும்னு நெனச்சேன்” என்றார். சொல்லிவிட்டு, “பரவாயில்ல, இதுல முன்னாடி எடம் இருக்குல்ல. எடு, போலாம்” என்று இடது பக்கம் போய் ஏறிக்கொண்டார். இந்த முறை கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினார்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை எங்கள் இருவருக்கும் என்று ஆகிவிட்டது. ரொட்டியைக் கொடுத்ததும் அவர் ஜீப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார். வீராம்பட்டினம், தேங்காய்த்திட்டுத் துறைமுகம், சில நாள் பாகூர் ஏரிக்கரை. எந்தத் திருப்பத்தில் வேகம் குறைக்க வேண்டும் என்று ஒருபோதும் அவர் எனக்குச் சொன்னதில்லை. முன்கண்ணாடிக்கு மேலே முகத்தைத் தூக்கிக் காற்றை வாங்கிக்கொண்டு பேசுவார். வீட்டில் பேசாத மனிதர் ஜீப்பில் அவ்வளவு பேசினார். ஒருநாள் என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, “நானும் வரேன் பப்பா” என்று கிளம்பினாள். “இல்லம்மா, நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுறோம்” என்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. அதைவிடக் கூடுதலாக நன்றாக இருந்தது.

அவர் சொன்னவற்றில் ஒன்றை நான் பத்திரமாக வைத்திருந்தேன். மகளுக்கு மூன்று வயதோ நான்கு வயதோ இருக்கும்போது லீவில் வந்திருக்கிறார். வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து, “அங்கிள், எங்கப்பா வெளிநாட்டுல இருக்காரு” என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாளாம் குழந்தை. அந்த எதிர்வீட்டுக்காரர்தான் அவளைத் தினமும் தூக்கிக்கொண்டு திரிந்தவர். “அந்தாள வெட்டிப் போடலாம்போல இருந்துச்சு மாப்ள. நல்ல மனுசன் பாவம்” என்றார். அன்று இரவெல்லாம் தூங்காமல் இருந்துவிட்டு, விடிந்ததும் நண்பரிடம் போய் அந்தக் கூரையில்லாத ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். ஊரில் எந்தக் குழந்தையும் ஏறியிராத வண்டியாக இருக்க வேண்டும் என்று. சாயங்காலத்துக்குள் அவள் ‘பப்பா’ என்று கூப்பிட்டுவிட்டாள். இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. மாரடைப்பு, ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. பிரான்சில் குடியேறிவிட்ட அவர் மகன், என் மைத்துனன், வந்து காரியங்களைச் செய்துவிட்டுப் போனான். என் மனைவி அந்த ஞாயிறுகளைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் ரோஷம் உண்டு. நானும் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவில் அவளிடம் இல்லாத ஒரு பங்கு என்னிடம் இருந்தது. அதைக் கையை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அவள்தான் ஜீப்பை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். துறைமுகத்தில் படகுகள் கட்டியிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். பக்கத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது.

“பப்பா உங்ககிட்ட என்னதாங்க பேசுவாரு?” என்றாள்.

அங்கிள் கதையைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரரை, விடிகாலையில் ஜீப் கேட்டுப் போனதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு இது ஞாபகமே இல்லியே” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேற?”

“வேற எல்லாமே உன்னப் பத்திதான். அத்தன ஞாயித்துக்கெழமையும் உன்னப் பத்தி மட்டும்தான் பேசுனாரு. என்னப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும், இறந்துபோன மனிதர் ஒருவர் என்னை என்ன வேலை செய்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம் என்று ஏங்கும் குரல்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆனா உங்களத்தான கூட்டிக்கிட்டுப் போனாரு” என்றாள். “என்னக் கூப்புடவே இல்லியே.”

சொல்லிவிட்டு வெடுக்கென்று சாவியைத் திருப்பினாள். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், இத்தனை வருடம் எனக்குள் இருந்த குரல். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டி துறைமுகத்தைத் தாண்டும்வரை அவள் அப்படியே இருக்கட்டும் என்று, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.