வெயில் வரட்டும் என்றேன்

மார்ச் கடைசியில் மலேசியாவின் கூலிமிலிருந்து புறப்பட்டோம், நானும் தம்பி முனியாண்டியும். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரு பழைய லோரியில் தொடங்கினேன். இன்று பதினான்கு ஓடுகிறது. ஏழு நாடு பார்த்தாயிற்று, இமயமலைப் பனிதான் பாக்கி. தம்பிக்கோ இனிப்புநீர் நோயால் கண் மங்கி வருகிறது. முழுசாக இருளுவதற்குள் மலைமேல் உறையும் பனி லிங்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் வேண்டுதல்.

மணாலியிலிருந்து சோலாங் பதின்மூன்று கிலோமீட்டர். டாக்சிக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய். லிங்கம் அதற்கும் மேலே. அங்கே வழிகாட்டி தோர்ஜே.

காலை 4.30. தோர்ஜே கதவைத் தட்டி, இப்போதே கிளம்ப வேண்டும் என்றார். வெளியே பனி கல்லாக இறுகி வழுக்கியது. பாலிங் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? மழை பெய்த காலையில் பட்டை காயாமல் எவரும் பால் மரத்தில் கத்தி வைக்க மாட்டார்.

"வெயில் வரட்டும் லா. ஈரம் காஞ்சா வழி நல்லாயிடும்."

"அண்ணே, அவரு சொல்ற மாதிரியே போயிருவோம்ணே. வழுக்குனா நான் ஒக்காந்துகிட்டே நகர்றேன்."

"மலை ரோட்டுல நாப்பது வருசம் லோரி ஓட்டுனது நானா, அவனா?"

தம்பி காலணியைக் கழற்றினான்.

காலை 9.00. சரிவின் அடியில் தோர்ஜே கைத்தடியைக் குத்தினார். கஞ்சியில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கியது. மேலிருந்து பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தன.

"முடிஞ்சுது அங்கிள். ராத்திரி இறுகின பனிதான் ஆளைத் தாங்கும். வெயில் பட்டா மொத்தமா கீழ வரும்," என்றார், அரைகுறை ஆங்கிலத்தில்.

சரிவைத் தாண்டினால் லிங்கம் அரைக் கிலோமீட்டர். இரட்டிப்புக் கூலி தருகிறேன் என்று கத்தினேன். அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தேநீர்க் கடையை எட்டியபோது, லோரி கல் கொட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன்; நாங்கள் நின்ற இடமே இல்லை.

மறுநாள் விடியற்காலை நானே முதலில் எழுந்து நின்றேன். இரவெல்லாம் மேகம் மூடியிருந்ததால் பனி இறுகவில்லை. தோர்ஜே வாசலிலேயே தலையை ஆட்டிவிட்டார். மாலையில் எங்களுக்கு டில்லி பஸ்.

கூலிமில் பால் மரம் வெட்டுகிறவர்கள் இப்போதும் மழை விட்டால் வெயிலுக்குத்தான் காத்திருக்கிறார்கள். தம்பிக்கு நிழல் மட்டும் தெரிகிறது. சந்தையில் யாராவது, "இமயமலைக்குப் போனீங்களே, என்ன பாத்தீங்க?" என்று கேட்டால், "வெயிலு பாத்தேன்," என்கிறான்.

பக்கத்தில் நான் நிற்பது அவனுக்குத் தெரியும்.