உதவாமல் உட்கார்ந்திருந்தவள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், பந்தலூர் பக்கம் ஆனி மாத மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த நேரம். சேரங்கோடு போகும் ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கிறது என் வீடு. ஒருநாள் காலையில் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பினேன். கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தால் வலது கை வரவில்லை. கூப்பிடலாம் என்றால் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. டம்ளர் உருண்ட சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி எட்டிப் பார்த்ததால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

நான் எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து ரிட்டையர் ஆனவள். தாய்மார்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இங்கே மற்றவர்கள் கிரச் என்பார்கள். சிலோனிலிருந்து வந்த நாங்கள் பழைய பெயரை விடவில்லை. வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்கள், பால் காய்ச்சும் பெரிய சட்டி, நனைந்த கம்பளியோடு ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் ஓடும் தாய்மார்கள். கண்ணை மூடினால் அந்த இடத்தின் வாசனைகூட இப்போதும் வரும். என் ஒரே மகனும் அங்கேதான் வளர்ந்தான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னை யாரும் ஒரு துரும்பை எடுக்க விடவில்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பழகிய வழக்கம் அது. ஒரு வீட்டில் ஒருத்தர் படுத்துவிட்டால் அந்த வீட்டு அடுப்பை எரிய விடமாட்டோம். காலையில் ஒரு வீட்டிலிருந்து கஞ்சி, மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து சோறு. தங்கச்சி வந்து தலை வாரி, ரவிக்கை மாட்டி, சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவாள். நான் எழுந்தாலே, "அக்கா, என்னாத்துக்கு எந்திரிக்கிறீங்க? நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று சத்தம் போடுவாள். அவ்வளவு பாசம். நானும் அடுத்தவர்களுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆனால் வாரங்கள் போகப்போக, கால் தேறி, கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகும், என் வேலை வாயைத் திறப்பது மட்டும்தான் என்று ஆகிவிட்டது. கை மடங்கியது மடங்கியபடி மடியில் கிடந்தது.

மகன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான்: "மழை விடட்டும்மா, கார் எடுத்துட்டு வர்றேன். ஊட்டைப் பூட்டிப் போட்டுட்டு என்ற கூட வந்துருங்க." திருப்பூர் போனதிலிருந்து வீடு அவனுக்கு ஊடு ஆகிவிட்டது, என் என்பது என்ற ஆகிவிட்டது, அம்மாவும் வாங்க போங்க ஆகிவிட்டாள். மற்ற நேரமாக இருந்தால் கிண்டல் பண்ணியிருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. மருமகள் தங்கமானவள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் இருப்பது ஒரே அறை. அந்த அறையின் ஒரு மூலையில் நாளெல்லாம் உட்கார்ந்து, எப்போது யார் ஊட்டிவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு என் வீட்டில், நானும் அவருமாகக் கல் சுமந்து கட்டிய இந்த வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் தன் வாய்க்குத் தானே சோறு எடுத்துப் போட முடியாதவள் எந்த முகத்தோடு அதைச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். வயநாட்டுப் பக்கத்துப் பெண். மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தாள். ஆக்குபேஷனல் தெரபி என்றாள். அது வாயில் நுழைய எனக்கு ஒரு மாதம் ஆனது. கையைப் பிடித்து நீவுவாள் என்று நினைத்து நீட்டினால், அதைப் பார்க்கவே இல்லை. என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மே, சுகமில்லாம ஆகிறதுக்கு முன்னாடி, ராவிலே எழுந்தா என்னெல்லாம் செய்வீங்க? ஒண்ணு விடாம பறையுங்க."

காலையைத்தான் அவள் ராவிலே என்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. போனதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் சொல்ல ஆரம்பித்தேன். முகம் கழுவுவது, தேத்தண்ணி, வாசல், குளியல். ஞாயிற்றுக்கிழமையில் தேங்காய் போட்டு ரொட்டி தட்டி, மிளகாய் இடித்த கொச்சிக்காய்ச் சம்பலோடு சாப்பிடுவது வரைக்கும் வந்தபோது குரல் உடைந்துவிட்டது. அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ரொட்டி தட்டுற இடம் காட்டுங்க" என்று எழுந்தாள்.

அடுப்படியைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள், ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டில் ஏறி இறங்கினாள். அப்புறம் என் வீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள். வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கைச் சுருட்டினாள். ஈரச் சாக்கில் கம்பு வழுக்குமாம். குளிருக்காகக் காலிலேயே கிடந்த கம்பளி சாக்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டு, அடியில் ரப்பர் வைத்த செருப்பைப் போடச் சொன்னாள். பரணில் இருந்த டப்பாக்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. சுவரிலும் படிக்கட்டிலும் பிடித்துக்கொள்ள இரும்புப் பைப் பதிக்கத் தங்கச்சியின் வீட்டுக்காரரைப் பிடித்தாள். என் வீட்டை நேற்று வந்தவள் ஆட்டி வைக்கிறாளே என்று நான் உர்ரென்று இருந்தேன்.

சாப்பாட்டில்தான் சண்டை வந்தது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று நான் பிடிவாதம். பிறந்ததிலிருந்து செய்யாததை இந்த வயதிலா செய்வது? "வேண்டாம், வலது கையே மதி, அது போதும்" என்றாள். ஒரு கரண்டியின் காம்பில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றி, என் மடங்கிய விரல்களுக்குள் செருகினாள். விளிம்பு உயர்ந்த கிண்ணத்தில் சோறு போட்டு, நகராமல் இருக்கக் கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி விரித்தாள். தங்கச்சியை வெளியே போகச் சொல்லிவிட்டு, எனக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கரண்டி வாய்க்கு வருவதற்குள் கவிழ்ந்தது. மறுபடி எடுத்தேன், தாடையில் இடித்தது. மடியெல்லாம் சோறு, கண்ணெல்லாம் தண்ணீர். கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாளே, பெற்ற தாய்க்கு இப்படி என்றால் பார்த்துக்கொண்டிருப்பாளா என்று ஆத்திரம் பொங்கியது. நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நிமிர்ந்தேன்.

அவள் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கரண்டியைத் தூக்கி வாயைத் திறந்தபோது, தன்னை அறியாமல் அவளும் வாயைத் திறந்தாள். சோறு கவிழ்ந்ததும் மூடிக்கொண்டாள்.

அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் தாமாகச் சாப்பிடப் பழகும்போது நானும் அப்படித்தான் உட்காருவேன். இல்லாவிட்டால் என் கை என்னைக் கேட்காமலே தட்டுக்குப் போய்விடும். "என்னா ஆயா, பிள்ளை மேலெல்லாம் சோறு. ஊட்டிவிட்டா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கோபித்துக்கொண்ட தாய்மார்கள் உண்டு. ஊட்டிவிடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கோபத்தில் நிமிர்ந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பாதி வயிறுதான் நிறைந்தது. ஆனால் அந்தப் பாதியும் என் கையால் தின்றது.

அதற்குப் பிறகு அவள் வரும் நாளுக்குக் காத்திருந்தேன். ரவிக்கை போட முதலில் கோளாறான கையை நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று காட்டினாள். யோசித்துப் பார்த்தால், கையில் கட்டுப் போட்ட பிள்ளைகளுக்கு நான் சட்டை மாட்டிய விதம்தான் அது. தேத்தண்ணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் கொள்ளும் சின்னக் கெண்டி; அதையும் தூக்காமல் மேடையில் நகர்த்திக் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்றும் அவள் சொல்லவில்லை. "தேங்காய் அந்தச் சேச்சி துருவட்டும். ரொட்டி உங்க ரொட்டி" என்றாள். தங்கச்சிக்கும் அதில் சந்தோஷம். ஊட்டிவிட முடியாத ஆதங்கத்தைத் தேங்காயில் தீர்த்துக்கொண்டாள்.

மழை விட்டது. மகன் காரோடு வரும் நாளைச் சொன்னான். தெரபிப் பெண் அவனிடம் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்: மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு காலைப் பொழுது அம்மாவுக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. நீயும் வா என்று நான் கெஞ்சினேன். வரமாட்டேன் என்றுவிட்டாள். "ஞான் வந்தா அது பரீட்சை ஆயிப்போகும். நீங்க உங்க மகனுக்குப் பலகாரம் செய்யுங்க."

மகன் வந்தான். காரை மேலே ரோட்டில் நிறுத்திவிட்டுக் காலிப் பைகளோடு படியிறங்கினான். அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மாவில் தேங்காயைப் போட்டு இடது கையால் பிசைந்தேன். வாழை இலைத் துண்டில் உருண்டையை வைத்து வலது உள்ளங்கையால் அழுத்தினேன். விரல் விரியாவிட்டாலும் உள்ளங்கைக்கு அழுத்தத் தெரிந்திருந்தது. முதல் ரொட்டி வேகும்போதே தேத்தண்ணியையும் ஊற்றப் போனேன். அவசரம். டம்ளர் கவிழ்ந்து, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி மேடையில் ஓடியது.

"ஐயோ, விடும்மா!" என்று அவன் பாய்ந்து எழுந்தான்.

"உக்காருடா!"

பிள்ளைக்காம்பராவில் மட்டும் வரும் குரல் அது. எனக்கே திடுக்கென்றது. அத்தனை பெரிய ஆள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இனி அவ்வளவுதான், பையைப் பிரித்துத் துணியை அடுக்க வேண்டியதுதான் என்று மனசு சொன்னது. அடுப்பைக் குறைத்தேன். துணியை எடுத்து மேடையைத் துடைத்தேன். மறுபடி தண்ணீர் வைத்தேன். அதற்குள் ரொட்டியின் ஒரு ஓரம் கருகிவிட்டது. திருப்பிப் போட்டு, எடுத்து, சம்பலோடு தட்டில் வைத்து அவனிடம் நீட்டினேன். தட்டு ஆடியது, விழவில்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். கண்ணைத் துடைத்தானா, சம்பலின் காரமா, நான் கேட்கவில்லை. பாதி ரொட்டி போன பிறகு நிமிர்ந்தான்.

"ஏம்மா, உப்பே போடலையா?"

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போனது. எத்தனையோ மாதமாக யாரும் என்னிடம் ஒரு குறை சொல்லவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று மெல்லிய குரலில் கேட்பார்கள், அவ்வளவுதான். நோயாளியிடம் போய் யார் உப்பில்லை என்பார்கள்? "வேணும்னா எந்திரிச்சுப் போட்டுக்க, டப்பா இடுப்பு உசரத்துலதான் இருக்கு" என்றேன். எழுந்து போய்ப் போட்டுக்கொண்டான். இன்னும் இரண்டு ரொட்டி சாப்பிட்டான். சாயங்காலம் காலிப் பைகளோடு காலிக் காரில் திரும்பிப் போனான்.

அந்தப் பெண் இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டாள். என் கையும் முழுசாகத் திரும்பவில்லை. இதை எழுதி முடிக்கவே பல நாள் ஆனது, எழுத்தும் கோழி கிளறியது போல இருக்கும். மகன் மாதம் ஒருமுறை வந்து, சம்பலில் புளிப்பு கூடிவிட்டது, ரொட்டி தடித்துவிட்டது என்று ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் போகிறான். ஒவ்வொரு குறையைக் கேட்கும்போதும், ஒரு நோயாளியாக முடிந்திருக்க வேண்டிய என்னை மறுபடியும் ஒருவனுக்கு அம்மாவாக்கிவிட்டுப் போன அந்தப் பெண்ணை, அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்திக்கொள்கிறேன்.