முன் பிரேக்கைப் பிடித்த கை

இது நடந்தது. தேதி சொல்கிறேன், மணி சொல்கிறேன், ஆள் பெயரும் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "பெட்ரோல் இருக்குதா பாரு" என்று கேலி செய்கிற ஆள்தான் நானும். ஸ்பேனர் பிடித்துப் பிழைப்பவன். வண்டி நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவன். என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் காரணம் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் நான் மனிதனே இல்லை.

என் பெயர் ராசையா. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிழைப்பு ராயபுரம். 1951-ல் நான் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். யுத்தம் முடிந்து, பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களை ஏலத்தில் தள்ளிவிட்டிருந்த காலம் அது. அப்படி வந்த ஒரு பி.எஸ்.ஏ. வண்டி என் தோஸ்து சௌக்கத் அலியிடம் இருந்தது. சௌக்கத் தொண்டையார்பேட்டைக்காரன், தோல் மண்டியில் வேலை. தகப்பன் இல்லை. காத்தூன் பீவி அம்மாவுக்கு ஒரே பிள்ளை. வாரத்தில் மூன்று நாள் எனக்கும் அந்த வீட்டில்தான் சாப்பாடு.

எங்கள் ரேஸ் சுற்றிச் சுற்றி வருகிற ரேஸ் இல்லை. எர்ணாவூர் தாண்டினால் எண்ணூர் ரோடு உப்பளங்களுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரிப் போகும். அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவோம். இரண்டு பர்லாங் தள்ளி இன்னொரு கோடு. இரண்டு வண்டிகள் கோட்டில் நிற்கும். ஒருத்தர் கைக்குட்டையைக் கீழே போடுவார். இருபது விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். பஸ் ஓடுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் இந்தக் கூத்து. கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நான் இங்கே வருவேன்.

ஜெயிப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். எடையைக் குறை. மட்கார்டைக் கழற்று, விளக்கைக் கழற்று, ஸ்டாண்டு, டூல் பெட்டி, பின் சீட்டு எல்லாவற்றையும் கழற்று. ஒவ்வொரு ரேஸுக்கும் ஏதாவது ஒன்று வண்டியை விட்டுப் போகும். கழற்றுவது என் வேலை, ஓட்டுவது சௌக்கத் வேலை.

அந்த ஜனவரியில் ரயில்வேக்காரர் பாஸ்கல் எங்களை அரைச் சக்கர அளவில் தோற்கடித்தார். தோற்றது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அவர் பத்துப் பேர் முன்னால் சொன்னதுதான் வலித்தது. "வண்டி நல்ல வண்டி. டியூன் பண்ண கைதான் சரியில்ல" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாஸ்கலோடு மறு ரேஸ் பிப்ரவரி 18, ஞாயிறு. முதல் நாள் சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் நான் மட்டும் இருந்தேன். கழற்றுவதற்கு வண்டியில் எதுவும் மிச்சமில்லை. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். டிரம்முக்குள் பிரேக் ஷூ, அதாவது சக்கரத்தை அமுக்கி நிறுத்துகிற கட்டை, லேசாக உரசியது. அந்தச் சத்தம் என்னை என்னவோ செய்தது. திறந்தேன். ஷூ இரண்டையும் ஸ்பிரிங்கோடு எடுத்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

ஆனால் வலது கைப்பிடியில் இருக்கிற முன் பிரேக் லிவரை அமுக்கினால் தொளதொளவென்று இருந்தது. சௌக்கத் கண்டுபிடித்துவிடுவான். தெரிந்தால் பயந்து, கோட்டுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பான். அதனால் கேபிளின் அடிமுனையைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். இப்போது லிவர் கெட்டியாக நின்றது. காலால் மிதிக்கிற பின் பிரேக் ஒன்றே போதும், கோடு தாண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடிந்ததும் சௌக்கத் வண்டியில் உட்கார்ந்து நாலு அடி உருட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாமு, வண்டி பஞ்சு மாரி கீது. இன்னாத்த கயட்டுன?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்ல. எண்ணெ போட்டேன்" என்றேன்.

லிவரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டான். கெட்டியாக இருந்தது. அவனுக்குத் திருப்தி. அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் திறக்கவில்லை.

முடிவுக் கோட்டில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். மற்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம், ஆரம்பக் கோட்டில். ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கைக்குட்டை விழுந்தது. சௌக்கத் முழுதாக ஒரு வண்டி நீளம் முந்தி வந்தான். நான் குதித்தேன். அதே நேரம், தூரத்து மதகு வளைவில் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. அவனும் பார்த்துவிட்டான். என்னைக் கடக்கும்போதே அவன் வலது கை விரல்கள் லிவர் மேல் மடங்கிவிட்டன. என் கண்ணால் பார்த்தேன்.

வண்டி நிற்கவில்லை. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. வண்டி சறுக்கி உப்பளச் சேற்றில் விழுந்தது, அதற்குச் சேதமே இல்லை. சௌக்கத் மதகுச் சுவரில் போய் மோதினான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

பின்னால் வந்த பாஸ்கல் புழுதியைத்தான் பார்த்திருந்தார். மாட்டு வண்டிக்காரர் மிரண்ட மாட்டை அடக்குவதிலேயே இருந்தார். பார்த்த சாட்சி நான் ஒருத்தன். ஒன்பது மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுபோனோம். எப்படி ஆச்சு என்று காத்தூன் பீவி அம்மா என்னைத்தான் கேட்டார்கள்.

"ஜெயிச்ச குஷில ரெண்டு கையும் தூக்கிட்டாம்மா. கைய வுட்டுட்டான்" என்றேன்.

"கைய வுட்டுட்டானா?" என்றார்கள்.

"ஆமாம்மா."

செத்தவன் மேலேயே பழியைப் போட்டேன். ஒரு தாயின் முகத்தைப் பார்த்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம். நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். வண்டியை மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு உப்புக் கொட்டகையில் போட்டுவைத்திருந்தார்கள். யாராவது டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டால் நான் தொலைந்தேன். அங்கே சௌக்கத்தை மண்ணில் இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே நான் அந்தக் கம்பியை வெட்டிவிட்டு, ஷூ இரண்டையும் மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. மார்ச் 29 நாற்பதாம் நாள். சௌக்கத்தின் தாய்மாமன் அத்தாவுல்லா ஆள் அனுப்பினார். ராத்திரி சௌக்கத்துக்காக ஃபாத்திஹா ஓதும்போது வண்டியை வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னாராம், அம்மா கேட்கிறார்களாம். தட்ட முடியவில்லை.

கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது ஆறரை. காவல்காரர் உச்சிமாகாளி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். சாவியைக் கொடுத்துவிட்டு அவரும் கூடவே வந்தார்.

"தம்பி, உள்ள எலி கிடக்கு போல. தெனமும் விடியக்காலம் டக்கு டக்குன்னு சத்தம் கேக்கு. ஆறு மணிக்கு மேலதான்" என்றார்.

மணி பார்த்து வருகிற எலியா என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

நாலாவது உதையில் என்ஜின் பிடித்தது. மணி ஆறு ஐம்பது. விளக்கைக் கழற்றியவன் நான்தானே, இருட்டில்தான் ஓட்டியாக வேண்டும். நிலாவும் இல்லை. ரோட்டின் வெளுப்பைப் பார்த்து மெதுவாக ஓட்டினேன். எனக்குப் பின்னால் கொட்டகைக் கதவை உச்சிமாகாளி பூட்டுகிற சத்தம் கேட்டது.

மதகு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பாமல் கடந்தேன்.

அப்போது லிவர் அசைந்தது.

என் விரல்கள் அதன் மேல் சும்மாதான் கிடந்தன. நான் அமுக்கவில்லை. விரலுக்குக் கீழே லிவர் தானாக உள்ளே போனது. வண்டி லேசாக முன்னால் குனிந்தது. பிறகு விட்டது.

உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்து இழுக்கிறது என்று நினைத்தேன். நாற்பது நாள் கிடந்த வண்டி, இழுக்கத்தான் செய்யும்.

மறுபடி உள்ளே போனது. விட்டது.

மறுபடி...

விரல்களை நீட்டி லிவரிலிருந்து எடுத்துவிட்டேன். உள்ளங்கை மட்டும் பிடியில். இனி லிவரை யாரும் தொடவில்லை. கீழே குனிந்து பார்த்தேன். அந்த இருட்டிலும் தெரிந்தது.

உள்ளே போகிறது. வெளியே வருகிறது.

டக்... டக்... டக்...

அவசர அவசரமாக. பிடிக்கவில்லையே என்று திரும்பத் திரும்ப அமுக்குகிற மாதிரி.

முடிவுக் கோடு போட்டிருந்த இடம் வந்தது. சுண்ணாம்பு எப்போதோ அழிந்துவிட்டது. லிவர் முழுதாக உள்ளே போய்ப் பிடியோடு ஒட்டிக்கொண்டது. முன்சக்கரம் கிறீச்சென்று கத்தி நின்றது. என்ஜின் அணைந்தது.

கைக்கடிகாரத்தின் ரேடியம் முள்ளில் மணி ஏழு அடித்து எட்டு நிமிஷம்.

இறங்கித் தள்ளினேன். சக்கரம் சுற்றவில்லை. லிவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. சட்டைப்பையில் ஸ்பேனர் இருந்தது. தடவித் தடவிக் கேபிளை மேல்முனையில் கழற்றினேன். கேபிள் தொங்கியது. இப்போது லிவருக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை. லிவர் வெறும் இரும்புத் துண்டு.

அது பிடியோடு ஒட்டியே நின்றது.

சக்கரமும் சுற்றவில்லை.

லிவரைத் தொட்டுப் பார்த்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. நாலு இடத்தில் மட்டும்... சூடு. விரல் அகலத்துக்கு நாலு இடம்.

கையை எடுத்துக்கொண்டேன்.

"சௌக்கத்து" என்றேன். "உள்ள ஷூ இல்லடா அன்னிக்கு. நான்தான் எடுத்தேன். உங்கிட்ட சொல்லல. இப்ப போட்டுட்டேன்டா. இப்ப கீது."

லிவர் அப்படியே ஒட்டி நின்றது.

"உங்கம்மாகிட்ட பொய் சொன்னேன்."

டக்.

லிவர் விடுபட்டது. தள்ளிப் பார்த்தேன், சக்கரம் சுற்றியது. மணி ஏழு முப்பத்தொன்று. அதற்குப் பிறகு நான் அந்த வண்டியில் ஏறவில்லை. தொண்டையார்பேட்டை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். வழி முழுக்க என் வலது கையைப் பிடியில் வைக்காமல், இடது கையாலும் இடுப்பாலும் தள்ளினேன்.

வீட்டை அடைந்தபோது ஒன்பதே முக்கால். ஃபாத்திஹா முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அத்தாவுல்லா மாமுவும் காத்தூன் பீவி அம்மாவும் மட்டும் இருந்தார்கள். வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஷூவை எடுத்தது, கம்பி கட்டியது, எண்ணெய் போட்டேன் என்று சொன்னது, அடக்கத்துக்கு வராமல் கொட்டகைக்குப் போனது, வழியில் நடந்தது. எதையும் விடவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

 அத்தாவுல்லா மாமுதான் பேசினார்.

"மையத்த குளிப்பாட்டுனது நான்தான் நைனா. வலது கை மூடிகினு கெடந்துச்சு. வண்டி கொயாய புடிச்சா மாரி. வெந்நி ஊத்தி நீவுனேன், நிமிந்துச்சு. கைய எடுத்தா திரும்ப மூடிகிச்சு. நீவ நீவ மூடிகினே இருந்துச்சு. கபர்ல எறக்கும்போதும் துணிக்குள்ள அது அசைஞ்சுகினுதான் இருந்துச்சு. மூடும், தொறக்கும், மூடும். நெரம்பு இழுக்குதுன்னு சொல்லி மண்ண தள்னோம்."

அன்றைக்கு மையவாடியில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். பிடியை விட்டவன் கை அப்படி மூடாது என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. அடக்கத்துக்குப் போகாத எனக்கு மட்டும்தான் தெரியாது. நாற்பது நாளும் இந்த அம்மா, நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டே, நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

காத்தூன் பீவி அம்மா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எம்புள்ள கைய வுடல ராசையா" என்றார்கள். "நீதான் அவன கைவுட்டுட்டே."

பிறகு எழுந்து போய், எனக்காக எடுத்துவைத்திருந்த சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். நான் சாப்பிட்டேன்.