கணக்கு மாஸ்டர் பாஸ்டரான கதை

சேர்ச்சுக்குள் சத்தம் போடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். போன புதன்கிழமை மாலை, கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் சேர்ச் அலுவலக அறையில் நான் போட்ட சத்தம் வெளியே காலி வீதியின் பஸ் இரைச்சலையும் தாண்டிக் கேட்டதாம். கேட்டிருந்தால் நல்லதுதான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

விஷயம் இதுதான்.

எங்கள் சபையில் ரஞ்சனி என்று ஒருத்தி. மருத்துவமாது. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைப்பேறு பார்த்தவள். ஆப்பிரிக்காவில், மலாவியில் உள்ள ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி அவளை ஊழியத்துக்கு வரும்படி கேட்டது. இரண்டு வருஷம் ஜெபித்து, யோசித்து, அழுது, கடைசியில் ஓம் என்றாள். இங்கே பார்த்த வேலையையும் விட்டுவிட்டாள். கணவர் டேவிட் கணக்கு மாஸ்டர். பம்பலப்பிட்டியில் ரியூஷன் வகுப்பு எடுப்பவர். பத்து வயதில் ஷரோன் என்று ஒரு மகள். மூன்று பேருமாகப் புறப்படுகிறார்கள்.

கவனித்தீர்களா? கூப்பிட்டது ரஞ்சனியை.

ஆனால் செய்தி பரவிய அடுத்த ஞாயிறே டேவிட் 'பாஸ்டர்' ஆகிவிட்டார். வாசலில் கைகொடுத்தவர்கள் எல்லாம், பாஸ்டர் எப்போது பயணம் என்று அவரைத்தான் கேட்டார்கள். ரஞ்சனி 'பாஸ்டரம்மா' ஆனாள். சபைக்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் சொல்லச் சொன்னாலே வியர்த்துக்கொட்டுகிற மனுஷன் டேவிட். அவரும் பாவம், கேட்ட எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "நான் பாஸ்டர் இல்லை. வேலை அவவுக்கு. நான் கூடப் போறன், அவ்வளவுதான்."

சனம் என்ன சொன்னது தெரியுமா? எவ்வளவு தாழ்மையான மனுஷன் என்றது.

உண்மையைச் சொன்னால் தாழ்மை. இல்லை, உண்மையைத்தான் சொல்கிறேன் என்றால் இன்னும் பெரிய தாழ்மை. 'மனைவிக்குப் பின்னால் போகிறேன்' என்று ஓர் ஆம்பிளை சொன்னால் அதைச் சொன்னபடி விளங்கிக்கொள்ள எங்களுக்குக் காது இல்லை. எதைத்தான் கேட்டோம்? மலாவி, மலாவி என்று அவர்கள் எத்தனையோ தரம் சொல்லியும், கனடாவுக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பதுபோல் கம்பளி ஸ்வெட்டர் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே பி.ஆர்., அதுதான் நிரந்தர வதிவிட உரிமை, கிடைக்குமா என்று விசாரித்தவர்களும் இருக்கிறார்கள்.

சரி, சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தோம்... விசா பைல் திரும்பி வரும் வரைக்கும்.

விசா விண்ணப்பத்தோடு, ஊழியரை அனுப்புகிற சபையின் கடிதம் ஒன்றும் போகவேண்டும். அதில், 'எமது ஊழியர் திரு. டேவிட் அவர்களும் குடும்பத்தினரும்' என்று இருந்தது. ரஞ்சனியின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. சேர்ச் கடிதத்தில் ஊழியர் என்றால் வெளியாட்கள் போதகர் என்றுதான் எடுப்பார்கள். பைலைப் பார்த்தவர்கள் நியாயமாகவே கேட்டு அனுப்பினார்கள் – ஆஸ்பத்திரி கேட்பது ஒரு மருத்துவமாதை, நீங்கள் அனுப்புவது ஒரு போதகரை, வேலைக்கு வருபவர் யார்? மாதமுடிவுக்குள் சரியான கடிதம் போகாவிட்டால் ஆஸ்பத்திரி வேறு ஆளைப் பார்க்கும். இங்கே விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது.

அதற்காகத்தான் புதன்கிழமை ரஞ்சனியோடு நானும் போனேன். சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். மரியாதையான மனுஷன், கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். கடிதம் கமிட்டியில் பாஸானது, மாற்றுவதென்றால் அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கவேண்டும், ஒரு பெண்ணை ஊழியர் என்று எழுதி அனுப்பிய வழக்கமும் இங்கே இல்லை... கடைசியில் ஒரு சமாதானமும் சொன்னார்.

"குடும்பத்தினர் எண்டதுக்குள்ள ரஞ்சனியும் வந்திட்டாதானே, தங்கச்சி."

அங்கேதான் என் சத்தம் ஆரம்பித்தது. சொன்னதெல்லாம் அச்சில் போடமுடியாது. இந்தச் சபையில் ஓடித்திரிகிற பிள்ளைகளில் பாதியை, உங்கள் பேரன் உட்பட, முதலில் கையில் ஏந்தியவள் இவள்தானே என்று கேட்டேன். அவளுடைய பெயரை எழுத உங்கள் பேனையில் மை இல்லையா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரியாவிடை ஆராதனைக்கான அழைப்பிதழ்.

"இது நீங்கள் எழுதித் தந்தது. இதைப் பாத்துத்தான் கடிதம் அடிச்சனாங்கள்."

'ஊழியர் டேவிட் குடும்பத்தினருக்கு...' என்று தொடங்கியது. நானேதான். பேப்பரில் எழுதுகிற ஆள் என்று என்னிடம் கேட்டார்கள்; தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது. வாராவாரம் இந்தப் பக்கத்தில் பெண்களுக்காகப் பொங்குகிற அதே கை!

ரஞ்சனி கார்டை ஒருமுறை பார்த்தாள். "அப்பவே கண்டனான் அக்கா. உங்களிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தது."

அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

கடிதம் மாறாமல் அப்படியே கிடந்தது; ஆராதனைத் திகதியோ ஏற்கெனவே குறித்தாயிற்று. ஞாயிறு காலை சேர்ச் நிரம்பியிருந்தது. எங்கள் வழக்கம் என்னவென்றால், ஊழியர் முன்னால் வந்து முழங்காலிடுவார், மூப்பர்கள் அவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள், மனைவி ஓரமாக நிற்பாள். போதகர், ஊழியர் முன்னுக்கு வரட்டும் என்று கூப்பிட்டார். எல்லாத் தலையும் டேவிட் பக்கம் திரும்பியது.

டேவிட் எழும்பவில்லை. ஷரோனின் கையைப் பிடித்தபடி வாங்கிலேயே இருந்தார். போதகர் இரண்டாம் தரமும் கூப்பிட்டார்.

"ஊழியர் அவதான்" என்றார் டேவிட். முகமெல்லாம் வியர்வை. ஆனால் கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது.

ரஞ்சனி தனியாக எழும்பிப் போய் முழங்காலிட்டாள். போதகர் ஒரு கணம் செயலாளரைப் பார்த்தார். பிறகு அவள் தலையில் கைவைத்தார். மூப்பர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். செயலாளர் கடைசியாக வந்தார்.

ஆராதனை முடிந்த கையோடு போதகர் எங்களை அலுவலக அறைக்குக் கூட்டிப்போனார். சபை முழுக்கப் பார்த்திருக்கக் கைவைத்து அனுப்பிய பிறகு இனி எந்தக் கமிட்டி என்று கேட்டு, செயலாளரையே கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தினார். திங்கட்கிழமை காலை பைலோடு போகவேண்டிய கடிதம். ரஞ்சனியின் பெயர் முதலில் வந்தது. பக்கத்தில் மருத்துவமாது என்று விழுந்தது. அடுத்து டேவிட்டின் பெயர். அதற்குப் பக்கத்தில் செயலாளரின் விரல் நின்றுவிட்டது. மனுஷனுக்கு உண்மையாகவே கவலை.

"அப்ப டேவிட்டுக்கு என்ன பதவி போடுறது?"

ரஞ்சனி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "கணவர் எண்டு போடுங்கோ, அங்கிள்."

எங்கள் சபையில் அந்தப் பதவிக்கு இதுவரை யாரும் விண்ணப்பித்ததில்லை.