பெரிய வியாழன் பட்டியலில் நான் அடித்த பெயர்

பெரிய வியாழன் அன்று நம் கோயிலில் ஃபாதர் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார், இயேசு சீடர்களுக்குக் கழுவியது போல. அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டிக்கொண்டுதான் வருவார்கள். சிலர் பவுடர்கூடப் போட்டிருப்பார்கள். பெயர்களை எழுதிக் கொடுப்பவன் நான். பிள்ளைகளே, எதிர்வீட்டு மாமா இறந்துபோனது உங்கள் இருவருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நான் செய்தது தெரியாது.

துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டியில் போடுகிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற கால். மூன்று வருடமாக என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மச்சான், ஒருக்கா என்னையும் அந்தப் பன்னெண்டுல ஒக்கார வையேன்டா."

"யூதாஸ் எடம் காலியானா சொல்றேன்."

"அதையாச்சும் குடு. அவன் காலையும் கழுவுனாருல்ல?"

போன வருடம் அவன் பெயரை எழுதிவிட்டேன். உடனே திருப்பாதிரிப்புலியூர் போய் வெள்ளைச் சட்டை எடுத்து வந்தான். தவக்காலம் பாதி போனபோது வலது காலில் புண் வந்தது. சர்க்கரை ஜாஸ்தி, ஆறவில்லை. கட்டுப் போட்டும் நாற்றம் வந்தது.

பெரிய வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால், கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவை கூடியது. ஃபாதர் நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுக்கப் போயிருந்தார். முதல் தடவையாக யூடியூபில் லைவ் போடப் போகிறோம் என்று எல்லோருக்கும் ஒரே பரபரப்பு.

"கேமரா காலத்தான் கிட்டக்க காட்டும். துபாய்ல இருக்கிற நம்ம ஜனம்லாம் பாக்கும். அந்தக் கட்டு வேணாமே" என்றார் துணைத்தலைவர்.

என் பேனாவால் நானே அவன் பெயரை அடித்தேன். யாரும் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை. அவன் இடத்தில் ரிட்டையரான வாத்தியார் ஒருவர் பெயரை எழுதினேன். பிறகு லைட், பூ அலங்காரம், மைக் என்று ஒரு மணி நேரம் பேசினோம். இயேசு எதற்காகக் குனிந்தார் என்று ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். நான்தான் அடித்தேன் என்று சொல்ல நா எழவில்லை.

"ஃபாதர் இந்த வருசம் வேணாம்னுட்டாருடா. காலு ஆறட்டும்னாரு."

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நல்ல காலாப் பாத்துத்தான் கழுவுவாராமா?" என்றாள்.

வியாழன் மாலை ஃபாதர் என்னிடம், "எங்க நம்ம ஐஸ் கம்பெனிக்காரர்?" என்று கேட்டார்.

"ஒடம்பு சரியில்ல ஃபாதர்" என்றேன்.

லைவ் பிரமாதம் என்று துபாயிலிருந்து மெசேஜ் வந்தது. ஈஸ்டரிலிருந்து அந்த வீட்டிலிருந்து யாரும் கோயிலுக்கு வரவில்லை. ஃபாதர் அவர்களைத் தேடிப் போனார். அவன் மனைவி கேட்டைக்கூடத் திறக்காமல் அவரைத் திட்டி அனுப்பினாள். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

மே மாதம் கால் கறுத்துப்போனது. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பஸ் பிடித்துப் போனேன். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வா மச்சான். அடுத்த வருசம் ஃபாதருக்குப் பாதி வேலதான்னு சொல்லு."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது.

"அப்ப ஃபாதர் சொல்லலியா?"

"இல்லடா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? அவகிட்ட போய் சொல்லு. அந்தக் கோவத்துல ஜெபமாலையக்கூட தொடல அவ" என்றான்.

அவள் வெளியே குழாயடியில் டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கழுவுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அண்ணே, ஃபாதர் வூடு தேடி வந்தப்ப வாய்க்கு வந்தபடி பேசுனேன். அந்த மனுசன் ஒரு வார்த்த திருப்பிப் பேசாம தலைய குனிஞ்சிக்கினு போனாரு. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க வூட்டு கதவுக்குப் பின்னாடி. கேட்டுக்கினுதான் இருந்தேன்மா."

டப்பாவை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மழைக்காலத்தில் அவன் இறந்தான். அடக்கம் முடிந்ததும் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"பொறுப்ப விட்டா தீந்துபோச்சா? அந்தம்மா இன்னும் கோயிலுக்கு வெளியதான நிக்கறாங்க? போய்க் கூப்புடுங்க" என்றார்.

பிள்ளைகளே, நாற்பது வருடமாகக் கோயில் வேலை செய்கிறேன். கோயில் நன்றாக நடந்தால் இயேசுவின் பின்னால் நடப்பதாக நினைத்துக்கொண்டேன். அவரை நம்பியிருந்த ஒருத்தியை நானே வெளியே தள்ளியிருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு முன்னால் போய் அந்தக் கேட்டைத் தட்டுகிறேன்.

"கோயிலுக்கு வரியாம்மா?"

கதவைத் திறப்பாள். கோபம்கூட இருக்காது முகத்தில்.

"நீங்க போய்ட்டு வாங்கண்ணே" என்பாள்.